இரண்டு பேர், ஒரு ஸ்லைடு கிட்டார், ஒரு பழைய சூட்கேஸ்: பங்க் ப்ளூஸ் இணை அமைப்பது எப்படி

1990களில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டூஸான் நகரில் டூ ராக் என்றொரு குழு இருந்தது. ஆட்கள் இரண்டே பேர். மூன்றாம் பாப் லாக் ஸ்லைடு கிட்டார் (விரலில் மாட்டிய குழாயைத் தந்தியின் மேல் வழுக்கி வாசிப்பது) வாசித்துக்கொண்டே பாடுவார். தெர்மோஸ் மாலிங், பிறர் கழித்துப்போட்ட சாமான்களால் கட்டிய தாளக் கருவிகளை அடிப்பார். பாஸ் கிட்டார் கிடையாது. முறையான டிரம் செட்டும் கிடையாது. மிசிசிப்பி மாநிலத்தின் பழைய ப்ளூஸும் பங்க் இசையின் வேகமும் முரட்டுத்தனமும் மோதிக்கொண்ட சத்தம் அது. அதே காலத்தில் மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபேட் பாசம் என்ற இசைத்தட்டு நிறுவனம் இயங்கிக்கொண்டிருந்தது. அது வெளியிட்ட கலைஞர்களில் ஒருவரான டி-மாடல் ஃபோர்டு, ஸ்பாம் என்ற ஒரே ஒரு டிரம்மரை வைத்துக்கொண்டு மேடையை நிரப்பினார். இரண்டு பேர் போதும் என்பதற்கு இவர்களைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கருவி குறைவு, ஆகவே வேலையும் குறைவு என்று நம்பித் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். முதலாவது, அடியில் கனமே இல்லாமல் போவது. இரண்டாவது, மேலே எல்லாத் தகரமும் ஒரே உயரத்தில் கலகலத்து, பாட்டையும் கிட்டாரையும் மூடிவிடுவது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். கிட்டார்காரரின் கட்டைவிரல்தான் பாஸ். தாளக்காரரின் கால்தான் பெரிய டிரம். அந்த விரலும் அந்தக் காலும் ஒரே நொடியில் இறங்க வேண்டும். கீழே வரும் அளவுகள், பொருள்கள், படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

கிட்டாரைத் தயார் செய்வது

விலை மலிவான எலக்ட்ரிக் கிட்டார் போதும். பிரிட்ஜ் (கிட்டார் உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) அசையாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிங் வைத்த ட்ரெமலோ பிரிட்ஜ் இருந்தால், ஒரு தந்தியைத் தளர்த்தும்போது மற்ற ஐந்தும் சுருதி நகர்ந்துவிடும். டியூனிங் மாற்றி வாசிப்பவருக்கு அது ஓயாத தொல்லை.

தந்திகள் கனமாக இருக்க வேண்டும். 12, 16, 20, 32, 42, 54 என்ற அளவு (ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கு) நல்ல தொடக்கம். கடையில் கிட்டாரோடு வரும் 9 அல்லது 10 அளவுத் தந்தியில் சுருதியை இறக்கினால் அது தொங்கிப்போகும். ஸ்லைடை வைத்தவுடன் கீழே அழுந்தி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) இடிக்கும். புதியவர்கள் 'ஸ்லைடு சரியாக வரவில்லை' என்று சொல்லும் குறைகளில் பாதிக்குக் காரணம் கையல்ல, இந்த மெல்லிய தந்தி.

கனமான தந்தி மாட்டியபின் மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று, தந்தியின் உயரம். 12ஆம் ஃப்ரெட்டின் மேல் முதல் தந்தி (மிக மெல்லியது) 2.5 மி.மீ., ஆறாவது தந்தி (மிகத் தடித்தது) 3 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். அதே கிட்டாரில் விரலாலும் அழுத்தி வாசிக்கப் போகிறீர்கள் என்றால் 2 மி.மீ. அளவில் நிறுத்தி, ஸ்லைடை இன்னும் மென்மையாக வைக்கப் பழகுங்கள். ஸ்லைடுக்கு மட்டுமே என்றால், நட்டின் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் பதியும் காடிக் கட்டை) மேல் செருகும் உலோகத் தொப்பி ஒன்று கிடைக்கிறது. அது தந்திகளைத் தலைப்பக்கமும் உயர்த்திவிடும். வேண்டாதபோது கழற்றிவிடலாம், கிட்டாருக்குச் சேதமில்லை.

இரண்டு, நட்டின் காடிகள். 9 அளவுக்கு வெட்டிய காடியில் 12 அளவுத் தந்தி இறுகிப் பிடிக்கும். சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்று சத்தம் கேட்டு, சுருதி திடீரென்று தாவினால் அதுதான் காரணம். பென்சில் முனையைக் காடியில் தேய்த்துப் பாருங்கள். அப்படியும் பிடித்தால் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் காடியை அகலப்படுத்துவதே சரி. வீட்டு அரத்தால் அறுத்தால் காடி ஆழமாகிவிடும்; பிறகு நட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்று, கழுத்தின் வளைவு. ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். மிக அதிகமானால் கழுத்துக்குள் உள்ள கம்பியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டாம்.

எந்த டியூனிங்?

ப்ளூஸ் ஸ்லைடில் ஓபன் ஜி, ஓபன் டி இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை. தந்திகளை அழுத்தாமல் மீட்டினாலே ஜி அல்லது டி கோர்வை (கார்டு) ஒலிக்கும் டியூனிங்குகள் இவை. இருவர் குழுவுக்கு ஓபன் டி-யைத்தான் முதலில் பரிந்துரைப்போம். காரணம் உண்டு. ஓபன் டி-யில் ஆறாவது தந்தியிலிருந்து வரிசை: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. அடித் தந்தியே ஆதார சுரம். அதன் அதிர்வெண் சுமார் 73 ஹெர்ட்ஸ். ஓபன் ஜி-யில் ஆதார சுரம் ஐந்தாவது தந்தியில், 98 ஹெர்ட்ஸில் இருக்கிறது. பாஸ் கிட்டார் இல்லாத குழுவுக்கு அந்த வித்தியாசம் பெரியது. இன்னொன்று: ஓபன் டி-யின் கீழ் மூன்று தந்திகளும் ஆதாரம், பஞ்சமம், மேல் ஆதாரம். ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்) எவ்வளவு கரகரப்பு ஏற்றினாலும் இந்த மூன்றும் குழம்பாது. குழப்பம் வருவது மூன்றாவது தந்தியான எஃப் ஷார்ப்பால்தான். அதை எப்போது விடுவது, எப்போது அமுக்குவது என்பதை உங்கள் வலக்கை கற்க வேண்டும்.

வழக்கமான டியூனிங்கிலிருந்து மாறும் வழி: ஆறாவது தந்தியை இறக்கி, நான்காவது தந்தியின் கீழ் ஸ்தாயிக்கு ஒத்துவைக்கவும். ஐந்தும் நான்கும் அப்படியே. மூன்றாவது தந்தியை அரைச் சுரம் இறக்கவும். நான்காவது தந்தியை 4ஆம் ஃப்ரெட்டில் அழுத்தினால் அதே சுரம் கேட்கும். இரண்டாவதை ஐந்தாவது தந்தியின் மேல் ஸ்தாயிக்கும், முதலாவதை நான்காவதன் மேல் ஸ்தாயிக்கும் ஒத்துவைக்கவும். எப்போதும் வேண்டிய சுருதிக்குக் கீழே போய், அங்கிருந்து மேலேறி நிறுத்துங்கள். மேலிருந்து இறங்கி நிறுத்தினால் முதல் பாட்டு முடிவதற்குள் தளர்ந்துவிடும்.

ஓபன் ஈ வேண்டுமென்றால் தந்திகளை மேலே இழுக்காதீர்கள். 2ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) மாட்டினால் போதும்.

ஸ்லைடு: கண்ணாடியா, உலோகமா?

பித்தளையும் எஃகும் உரத்து, கடுமையாக ஒலிக்கும். தந்தியோடு உரசும் சத்தமும் அதிகம். கண்ணாடி வழுவழுப்பாகப் பாடும். பங்க் ப்ளூஸுக்கு உலோகம் இயல்பாகப் பொருந்துகிறது. மேடையில் கீழே விழுந்தாலும் உடையாது என்பது கூடுதல் நன்மை. லிட்டில் ஃபீட் என்ற அமெரிக்க ராக் குழுவின் லோவெல் ஜார்ஜ் வாசித்தது 11/16 அங்குல ஸ்பார்க் பிளக் சாக்கெட். மெக்கானிக் பட்டறையில் இருக்கும் அதே சாமான்தான். விரல் நுழையும் சாக்கெட் கிடைத்தால் தாராளமாக அதிலேயே தொடங்கலாம்.

அளவு: உள்விட்டம் உங்கள் விரலுக்கு ஏற்ப 18 முதல் 21 மி.மீ., நீளம் 55 முதல் 65 மி.மீ., சுவர்த் தடிமன் 3 மி.மீ.க்குக் குறையாமல். கையை உதறினால் கழன்று விழக்கூடாது. வியர்த்தபின் இழுத்துப் பிடுங்கும்படியும் இருக்கக்கூடாது. சுண்டுவிரலில் போடுங்கள். மற்ற மூன்று விரல்களும் தந்தியை அழுத்தவும் அமுக்கவும் மிச்சம் இருக்கும்.

கண்ணாடி வேண்டும் என்பவர்கள் ஒயின் பாட்டிலின் கழுத்தை வெட்டிக்கொள்ளலாம். கழுத்து நேராக இருக்க வேண்டும். குமிழியோ கீறலோ இருந்தால் அந்தப் பாட்டில் வேண்டாம். வெட்டும் இடத்தில் காகிதப் பட்டையை இறுக்கச் சுற்றி ஒட்டி, அதன் ஓரமாகக் கண்ணாடி வெட்டும் கத்தியால் ஒரே ஒரு சுற்று கீறுங்கள். ஒரே கோட்டில் இரண்டாம் முறை கீறினால் உடைப்பு கோணலாகப் போகும். கீறிய கோட்டை மெழுகுவர்த்திச் சுடரில் சுழற்றிச் சூடாக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். இரண்டு மூன்று முறைக்குள் தானாகப் பிரியும். முனையை 120, 220, 400, 600 எண் உப்புக் காகிதங்களில் வரிசையாகத் தேய்க்கவும். தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், ஏனென்றால் காய்ந்த கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கேடு. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை, இரண்டும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

முதல் இரண்டு வாரம்

சித்திர வீணையில் மரக்கட்டையைத் தந்தியின் மேல் நகர்த்தி வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு ஸ்லைடின் தர்க்கம் உடனே புரியும். சுரம் கட்டை நிற்கும் இடத்தில் பிறக்கிறது. கிட்டாரில் ஃப்ரெட் இருந்தாலும் ஸ்லைடுக்கு அது வெறும் அடையாளக் கோடு. ஸ்லைடு அந்த உலோகக் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். விரலால் அழுத்தும்போது வைப்பதுபோல் கோட்டுக்குப் பின்னால் வைத்தால் சுருதி குறைந்து கேட்கும். தந்தியைத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது.

ஸ்லைடுக்குப் பின்னால், அதாவது கிட்டார் தலையின் பக்கம், மோதிரவிரலும் நடுவிரலும் தந்திகளின் மேல் மெல்லப் படிந்திருக்கட்டும். இதைச் செய்யாவிட்டால் ஸ்லைடுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள தந்திப் பகுதியும் சேர்ந்து அதிர்ந்து, 'ஸ்ஸ்' என்ற தேவையற்ற ஒலி எழும். கரகரப்பு ஏற்றிய ஆம்பில் அந்த ஒலி பத்து மடங்கு பெரிதாகக் கேட்கும்.

முதல் பயிற்சி இதுதான்: கட்டைவிரலால் ஆறாவது தந்தியை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீராக மீட்டிக்கொண்டே இருங்கள். உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜில் லேசாக வைத்தால் 'தும் தும்' என்று கட்டையாக வரும், அதுவே பாஸ். அது நிற்காமல் போகும்போதே, முதல் தந்தியில் ஸ்லைடை 12ஆம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோய், அடித் தந்தியோடு சுருதி சேர்கிறதா என்று காதால் பாருங்கள். ஃப்ரெட்டைப் பார்த்து நிறுத்தாதீர்கள், கேட்டு நிறுத்துங்கள்.

அடுத்து முதல் தந்தியில் 3, 5, 7, 10, 12 ஆகிய ஃப்ரெட்டுகள். ப்ளூஸுக்கு வேண்டிய ஐந்து சுரமும் இவற்றிலேயே உள்ளன. 3ஆம் ஃப்ரெட்டில் ஒரு நுணுக்கம்: சுரத்தைக் கோட்டுக்கு மிகச் சற்றே மேலே தள்ளி நிறுத்தினால்தான் ப்ளூஸ் வாடை வரும். அந்த நேரத்தில் திறந்த மூன்றாவது தந்தி ஒலித்துக்கொண்டிருந்தால் இரண்டும் மோதும். ஆகவே 3ஆம் ஃப்ரெட்டுக்குப் போகுமுன் வலக்கை விரலால் மூன்றாவது தந்தியை அமுக்குங்கள்.

முழுத் தந்திகளின் குறுக்கே ஸ்லைடை நேராக வைத்தால் 5ஆம் ஃப்ரெட்டில் ஜி, 7ஆம் ஃப்ரெட்டில் ஏ, 12ஆம் ஃப்ரெட்டில் மறுபடி டி. பன்னிரண்டு அளவை (ஒரு அளவை என்பது நான்கு தட்டுக் கொண்ட சுற்று) கொண்ட ப்ளூஸுக்கு இந்த மூன்றே போதும். ஆனால் மிசிசிப்பியின் வடபகுதி மலையோரத்தில் வளர்ந்த பாணிக்கு அதுகூட வேண்டாம். கோமோ ஊரில் வாழ்ந்த ஃபிரெட் மெக்டவல், பிறகு ஆர். எல். பர்ன்சைடு போன்றவர்கள் ஒரே ஆதாரத்தில் நின்று, ஒரு சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசித்து ஆட்களை ஆடவைத்தார்கள். மெக்டவலை நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1959இல் பதிவு செய்தார்; அந்தப் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். இருவர் குழுவுக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை: கோர்வை மாறாததால் கேட்பவரின் காது முழுக்கத் தாளத்திலேயே நிற்கிறது.

தாளம்: மூன்று ஒலி, அதற்கு மேல் வேண்டாம்

காயலான் கடைக்குப் போனால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரத் தோன்றும். கையில் ஒரு குச்சியோடு போங்கள்; தட்டிப் பார்த்து, கண்ணை மூடிக் கேட்டு எடுங்கள். வேண்டியது மூன்று ஒலிகள்: கனத்த அடி ஒன்று, நடுவில் வெடிக்கும் அடி ஒன்று, மேலே காய்ந்து உரசும் ஒலி ஒன்று. தட்டியபின் நீண்ட நேரம் ரீங்கரிக்கும் பொருளை (லாரியின் பிரேக் டிரம் அப்படிப்பட்டது) தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். அதற்கென்று ஒரு சுரம் இருக்கும். அது உங்கள் டி-யோடு சேராவிட்டால் பாட்டு முழுக்க உறுத்தும்.

கனத்த அடிக்குப் பழைய சூட்கேஸ். அழுத்திய அட்டையாலும் மரச் சட்டத்தாலும் செய்த அந்தக் காலத்து வகைதான் வேண்டும். அகலம் 55 முதல் 65 செ.மீ., ஆழம் 18 செ.மீ. இருந்தால் நல்லது. சக்கரம் வைத்த பிளாஸ்டிக் பெட்டி 'டப்' என்று செத்த ஒலி தரும். தகர டிரங்குப் பெட்டி கணீரென்று அலறும். இரண்டும் உதவாது.

செய்முறை: உள்துணியைக் கிழித்தெடுத்துவிட்டு, கைப்பிடி, பூட்டு, கீல் எல்லாவற்றையும் ஆட்டிப் பாருங்கள். எது கிலுகிலுக்கிறதோ அதன் அடியில் ஃபோம் துண்டு செருகுங்கள். மூடி சேரும் விளிம்பு முழுவதும் ஜன்னலுக்கு ஒட்டும் ஃபோம் பட்டை ஒட்டுங்கள். கிக் பெடலின் (பெரிய டிரம்மைக் காலால் அடிக்க உதவும் சுத்தி வைத்த மிதி) கவ்வி பிடிப்பதற்கு ஒரு நாக்கு தேவை: 12 மி.மீ. பிளைவுட்டில் 15 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி, சூட்கேஸின் அடிப்பக்கத்தில் 4 செ.மீ. வெளியே நீட்டியிருக்கும்படி நான்கு எம்6 போல்ட்டால் முடுக்குங்கள். உள்ளே அகலமான வாஷர்கள் கட்டாயம். இல்லாவிட்டால் போல்ட் தலை அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். துளை போடுமுன் பெடலை வைத்து, அதன் சுத்தி பெட்டி முகத்தின் நடுவில் படுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். சுத்தி படும் இடத்தில் 10 செ.மீ. விட்டமுள்ள தடித்த தோல் வட்டத்தைப் பசைபோட்டு ஒட்டினால் அட்டை ஓட்டையாகாது. சுத்தி ஃபெல்ட் தலையுடையதாக இருக்கட்டும்.

பின்பக்கத்தில், நடுவிலிருந்து சற்று விலகி, 9 செ.மீ. வட்டத் துளை போடுங்கள். காற்று வெளியேற வழி கிடைத்ததும் ஒலி ஆழமாகும். மைக்கை நீட்டவும் அதுவே இடம். உள்ளே ஒரு துண்டை மடித்து வையுங்கள். துண்டு அடிக்கும் முகத்தைத் தொட்டால் ஒலி குட்டையாகும், தொடாவிட்டால் நீளும். வேகமான பாட்டுக்குக் குட்டை நல்லது.

பெட்டி லேசானது என்பதால் அடிக்க அடிக்க முன்னால் நகரும். 90 செ.மீ.க்கு 60 செ.மீ. பிளைவுட் பலகையில் கம்பளம் ஒட்டி, பெட்டிக்கு முன்னால் ஒரு மரக்கட்டையை ஆணியடித்துத் தடுங்கள். தாளக்காரரின் இருக்கையும் அந்தப் பலகையின் மேலேயே நிற்கட்டும்; அவர் எடையே நங்கூரம்.

நடு அடிக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி அல்லது 15 கிலோ எண்ணெய் டின். வாளியைக் கவிழ்த்து, ஒரு பக்க விளிம்பை 3 செ.மீ. கட்டையின் மேல் தூக்கி வைத்தால்தான் உள்ளே அடைபட்ட ஒலி வெளியே வரும். கைப்பிடிக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். டின் என்றால் வெட்டிய விளிம்பை இடுக்கியால் உள்ளே மடித்துச் சுத்தியால் தட்டி, அதன் மேல் துணி டேப் சுற்றுங்கள். ஸ்நேர் டிரம்மின் 'ச்சக்' வேண்டுமானால், 15 செ.மீ. மெல்லிய சங்கிலியின் ஒரு முனையை மட்டும் டின்னின் மேல் டேப்பால் ஒட்டிவிடுங்கள். அடிக்கும்போது அது துள்ளி விழும்.

மேல் ஒலிக்கு அமெரிக்காவில் வாஷ்போர்டு, அதாவது நெளிதகடு பதித்த துணி துவைக்கும் பலகை. லூசியானாவின் ஸைடெகோ இசைக்கென்று தோளில் மாட்டும் நெளிதகட்டு மேலாடையை 1946இல் ஸைடெகோ கலைஞர் கிளிஃப்டன் ஷெனியே சொல்ல, உலோகத் தொழிலாளர் வில்லி லாண்ட்ரி செய்துகொடுத்தார். உங்களுக்கு நெளிதகட்டுத் துண்டு ஒன்றைப் பலகையில் அறைந்தாலே போதும்: 30 செ.மீ.க்கு 25 செ.மீ., நெளிவுகள் நெருக்கமாக. தையல் விரலுறைகளை மூன்று விரல்களில் மாட்டி உரசுங்கள். துருப்பிடித்த தகடு வேண்டாம். எடுக்கிறீர்கள் என்றால் டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சூட்கேஸ் கிடைக்காவிட்டால்: மிதிப்பெட்டி

30 செ.மீ.க்கு 20 செ.மீ., உயரம் 6 செ.மீ. கொண்ட மரப்பெட்டி, மேற்பலகை 12 மி.மீ. உள்ளே, மேற்பலகையின் அடியில், 27 மி.மீ. பியெசோ வட்டு (அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் மெல்லிய தகடு) ஒன்றை இருபக்கமும் ஒட்டும் ஃபோம் டேப்பால் ஒட்டுங்கள். வட்டின் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதியின் கம்பி 6.35 மி.மீ. ஜாக்கின் முனைக்கும், பித்தளை ஓரத்தின் கம்பி ஜாக்கின் உடலுக்கும் சால்டர் செய்யப்பட வேண்டும். சால்டர் இரும்பை இரண்டு நொடிக்கு மேல் வைத்தால் வெள்ளைப் பூச்சு உரிந்துவிடும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பெட்டியை நேராக மிக்சரில் செருகுவார்கள். 'டக் டக்' என்று கதவு தட்டும் சத்தம் மட்டும் வரும், கனம் வராது. பியெசோ வட்டு ஒரு கெப்பாசிட்டர்போல் நடந்துகொள்கிறது; இந்த அளவு வட்டுக்குச் சுமார் 20 நானோஃபாரட். மிக்சரின் லைன் உள்ளீடு 10 கிலோஓம் என்றால், 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் படிப்படியாக வடிந்துவிடும். நமக்கு வேண்டிய அடியோ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே. 1 மெகாஓம் உள்ளீடு கொண்ட ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கருவியின் சமிக்ஞையை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) அல்லது பாஸ் ஆம்ப் என்றால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆகவே இடையில் டிஐ பாக்ஸ் இல்லாமல் இந்தப் பெட்டியை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பிறகு மிக்சரில் நடு, மேல் ஒலிகளை நன்றாகக் குறையுங்கள்.

குரலுக்குத் தொலைபேசி

டூ ராக் குழுவுக்குப் பின் தனியாளாக வாசிக்கத் தொடங்கிய பாப் லாக், தொலைபேசி ரிசீவர் பொருத்திய ஹெல்மெட்டை அணிந்து அதன் வழியாகவே பாடுகிறார். பழைய ரிசீவர் கிடைத்தால் நீங்களும் செய்யலாம். பேசும் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் கரித்தூள் மைக். அதற்கு மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். அதை விட்டுவிட்டு, காதுப் பக்கத்துக் குமிழை எடுங்கள். அது சிறு ஸ்பீக்கர். தலைகீழாக மைக்காகவும் வேலை செய்யும், மின்சாரம் தேவையில்லை. அதன் இரு கம்பிகளையும் ஒரு ஜாக்கில் சேர்த்துச் சிறிய கிட்டார் ஆம்பில் செருகுங்கள். சொற்கள் புரிய வேண்டிய பாட்டுக்குச் சாதாரண மைக் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தொலைபேசி மைக் சீக்கிரம் ஊளையிடும். ஆம்ப் உங்களுக்கு முன்னால், உங்களைப் பாராமல் நிற்கட்டும்.

கிட்டாருக்கு 5 முதல் 15 வாட் ட்யூப் ஆம்ப், 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர். பெரிய ஆம்பைத் தாழ்த்தி வைப்பதைவிடச் சின்ன ஆம்பை உரக்க வைப்பது இந்த இசைக்குப் பொருந்தும். அடி இன்னும் வேண்டுமென்றால் கிட்டார் சமிக்ஞையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கரகரப்பில்லாமல் பாஸ் ஆம்புக்கு அனுப்புங்கள்.

இருவரும் சேர்ந்து

முதல் ஒத்திகையில் தாளக்காரர் காலை மட்டும் ஆட்டட்டும். கிட்டார்காரர் கட்டைவிரலை மட்டும். மெட்ரோனோம் (தாள எண்ணிக்கைக் கருவி) 100இல், அதாவது நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில், பத்து நிமிடம். இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும்வரை கைகளைச் சேர்க்க வேண்டாம். பெரும்பாலும் கால்தான் முந்தும். பெடலின் ஸ்பிரிங்கை ஒரு சுற்று தளர்த்திப் பாருங்கள்.

ஷஃபிள் நடைக்கு 'தகிட தகிட தகிட தகிட' என்று சொல்லுங்கள். காலும் கட்டைவிரலும் ஒவ்வொரு 'த'விலும். நெளிதகடு 'த'விலும் 'ட'விலும். 'கி'யை வாயால் மட்டும் சொல்லிக் கையை விட்டுவிடுங்கள். வாளி அடி இரண்டாவது, நான்காவது 'தகிட'வின் 'த'வில். வேகமான பங்க் நடைக்கு 'தகதிமி': காலும் வாளியும் அதே இடங்களில், நெளிதகடு நான்கு எழுத்திலும். பயிற்சியின்போது ஒருமுறைக்கு 4 என்ற கணக்கில் வேகத்தைக் கூட்டுங்கள். 150ஐத் தாண்டினால் விரலுறையைக் கழற்றி ஒரு குச்சியை எடுத்துக்கொள்வது மேல்.

நெளிதகட்டைப் பாட்டு முழுக்க உரச வேண்டாம். பாடும் வரியில் நிறுத்தி, ஸ்லைடு பதில் சொல்லும் இடத்தில் உரசினால் இரண்டு பேர் நான்கு பேராகக் கேட்கும். எட்டு அளவைக்கு ஒருமுறை இருவரும் சட்டென்று நிறுத்தி, ஒரு அளவை முழுக்க மௌனம் விட்டு மறுபடி விழுவதும் பெரும் பலன் தரும். அதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி உட்கார வேண்டும். கூட்டத்தைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தால் இந்த நிறுத்தங்கள் சிதறும்.

கைபேசியை 3 மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்து, இருவரும் சேர்ந்து கேளுங்கள். கிட்டார் மங்கினால் ஒலியை ஏற்றாதீர்கள். முதலில் எந்தத் தகரத்தை நிறுத்தலாம் என்று பாருங்கள்.

மூடிய அறையில் தகரத்தை அடிப்பது காதுக்கு ஆபத்து. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் எல்லை 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். முதல் ஒத்திகையிலிருந்தே காதடைப்பான் போடுங்கள்.

மேடைக்குப் போகும் பை

சூட்கேஸ் துளையில் ஒரு டைனமிக் மைக், வாளிக்கும் தகட்டுக்கும் சேர்த்து 35 செ.மீ. மேலே இன்னொன்று. மிதிப்பெட்டி என்றால் டிஐ பாக்ஸும் அதன் பேட்டரியும். முதல், மூன்றாவது தந்திகளில் மூன்று மூன்று, உபரி ஸ்லைடு ஒன்று, கம்பி சேர்த்துவைத்த பியெசோ வட்டு இரண்டு, துணி டேப், எம்6 நட்டுக்கு 10 மி.மீ. ஸ்பேனர். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் பிளைவுட் நாக்கின் நான்கு போல்ட்டையும் முடுக்குங்கள். அவை தளர்ந்தால் முதலில் கேட்பது ஒரு சின்ன கிலுகிலுப்பு. அதைப் பொருட்படுத்தாமல் விட்டால் இரண்டாவது பாட்டில் பெடல் கையோடு வந்துவிடும்.